வீட்டை விற்ற அம்மாவுக்கு ஹவுசிங் பெனிஃபிட் கிடைக்குமா?

கிழக்கு லண்டனில் இருக்கும் ஒரு மகளின் கேள்வி இது. ஹவுசிங் பெனிஃபிட் என்பது வாடகை கட்ட அரசாங்கம் தரும் உதவி. அம்மாவுக்கு 74 வயது. அப்பா காலமான பிறகு, போன ஆண்டு குடும்ப வீட்டை விற்றுவிட்டார்கள். மோர்ட்கேஜ் மிச்சத்தைக் கட்டியது போக 146,000 பவுண்டு அம்மாவின் கைக்கு வந்தது. தன் மகன், அதாவது இந்த மகளின் தம்பி, பெரிய வீடு வாங்க அம்மா அதில் 60,000 கொடுத்தார். கிரெடிட் கார்ட் கடன், சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் சேர்த்து 14,000 அடைத்தார். அப்பாவின் அந்தியேட்டிச் சடங்கு, ஊருக்குப் போய்ச் செய்த ஆட்டைத் திவசம் (முதலாண்டு நினைவுச் சடங்கு), தளபாடம், இப்போதைய வாடகை என்று 24,000 செலவாயிற்று. மிச்சம் 48,000. எட்டு மாதம் தம்பியுடன் இருந்தவர், அங்கே சரிவராமல் ஆறு மாதத்துக்கு முன் ஒற்றை அறை ஃபிளாட் ஒன்றுக்கு வாடகைக்கு வந்துவிட்டார். வாடகை மாதம் 1,200. ஸ்டேட் பென்ஷன் வாரம் 138. முழங்கால் வலியால் குளிக்கவும் உடுத்தவும் உதவி வேண்டியிருக்கிறது. "16,000க்கு மேல் சேமிப்பு இருந்தால் கிடைக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பணம் கரையும்வரை காத்திருக்க வேண்டுமா? தம்பிக்குக் கொடுத்தது பிரச்சினையாகுமா? என்னிடம் சின்ன ஃபிளாட் ஒன்று இருக்கிறது, அதில் அம்மாவை வாடகைக்கு வைக்கலாமா?"

பெனிஃபிட் ஆலோசனை மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த 16,000 விஷயத்தை அரைகுறையாகக் கேட்டுவிட்டு விண்ணப்பிக்காமல் இருந்த பெற்றோர் எத்தனையோ பேர். உங்கள் அம்மாவும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் தரும் தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "ஹவுசிங் பெனிஃபிட்டை நிறுத்திவிட்டார்கள், இப்போது எல்லாம் யுனிவர்சல் கிரெடிட்தான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது சரி. பென்ஷன் வயதைத் தாண்டியவர்களுக்கு ஹவுசிங் பெனிஃபிட் இன்னும் இருக்கிறது. அந்த வயது 66. 2026 ஏப்ரலில் இருந்து 2028க்குள் படிப்படியாக 67 ஆகிறது. விண்ணப்பம் கவுன்சிலுக்கு, அதாவது உங்கள் பகுதி உள்ளூராட்சிக்கு, போகும். கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் பென்ஷன் வயதைத் தாண்டியிருந்தால் கதை வேறு. 2019 மே 15க்குப் பிறகு அப்படிப்பட்டவர்கள் புதிதாக விண்ணப்பித்தால் யுனிவர்சல் கிரெடிட்டுக்குத்தான் போக வேண்டும். உங்கள் அம்மா தனி ஆள் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

இனி 16,000. ஹவுசிங் பெனிஃபிட்டில் சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் எதுவும் கிடையாது என்பது உண்மையான விதிதான். ஆனால் அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. பென்ஷன் கிரெடிட் என்பது வருமானம் குறைந்த பென்ஷன் வயதினருக்கு அரசாங்கம் தரும் உதவி. அதில் கேரன்டி கிரெடிட் என்று ஒரு பகுதி உண்டு, வார வருமானத்தை ஒரு அடிப்படைத் தொகைவரை நிரப்பித் தருவது. அது வாரம் ஒரு பவுண்டு கிடைத்தாலும் போதும், ஹவுசிங் பெனிஃபிட்டில் உங்கள் அம்மாவின் வருமானத்தையும் சேமிப்பையும் கவுன்சில் பார்க்கவே கூடாது. 16,000 என்ற வரம்பு அவருக்கு இல்லாமல் போய்விடும். பென்ஷன் கிரெடிட்டுக்கோ சேமிப்பில் மேல் வரம்பு என்று ஒன்றே இல்லை. ஆகவே முதலில் போட வேண்டியது பென்ஷன் கிரெடிட் கணக்கு.

அந்தக் கணக்கு இப்படி. முதல் 10,000 பவுண்டைத் தொட மாட்டார்கள். அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு 500க்கும், 500இல் ஒரு பகுதி இருந்தாலும் சரி, வாரம் ஒரு பவுண்டு வருமானம் வருவதாக எடுத்துக்கொள்வார்கள். வங்கி என்ன வட்டி தருகிறது என்பது இதில் வராது. உங்கள் அம்மாவிடம் 48,000. பத்தாயிரத்தைக் கழித்தால் 38,000. அதை 500ஆல் வகுத்தால் 76. பென்ஷன் 138, இந்த 76, இரண்டும் சேர்ந்து வாரம் 214. தனி ஆளுக்கு அந்த அடிப்படைத் தொகை 227.10. இடைவெளி 13.10. அந்தப் பதின்மூன்று பவுண்டு பத்துப் பென்ஸ்தான் அம்மாவுக்கு வாரா வாரம் கிடைக்கும் பென்ஷன் கிரெடிட். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் ஹவுசிங் பெனிஃபிட்டின் வாசலைத் திறக்கும் சாவி அதுதான்.

கையில் 48,000 வைத்திருக்கும் ஒருவருக்கு வாடகை உதவியா என்று நீங்களே நம்ப மாட்டீர்கள். விதி அப்படித்தான். உங்கள் அம்மாவின் பென்ஷன் குறைவாக இருப்பதால்தான் இது கைகூடுகிறது. இந்த நாட்டுக்குப் பிந்தி வந்து, சில வருடங்கள் மட்டும் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டிய நம் பெற்றோர் பலருக்கும் இதே நிலைமை. புதிய ஸ்டேட் பென்ஷனை முழுதாக வாங்குபவருக்கு வாரம் 230.25 வருகிறது. அவர் 227.10ஐ ஏற்கெனவே தாண்டிவிட்டார். வேறு கூடுதல் தொகைக்குத் தகுதி இல்லையென்றால் அவருக்கு 16,000 வரம்பு அப்படியே நிற்கும். பக்கத்து வீட்டு ஆன்டிக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக உங்கள் அம்மாவுக்கும் கிடைக்காது என்று எண்ணாதீர்கள்.

இவ்வளவும் சொன்னது, தம்பிக்குக் கொடுத்த 60,000ஐக் கணக்கில் சேர்க்காமல் இருந்தால். இனி அதற்கு வருவோம், சிக்கலான இடம் இதுதான்.

பெனிஃபிட் வாங்குவதற்காகவோ கூட்டிக்கொள்வதற்காகவோ ஒருவர் தன் பணத்தைக் கைவிட்டால், அந்தப் பணம் இன்னும் அவரிடமே இருப்பதாக எடுத்துக்கொள்ள, பென்ஷன் கிரெடிட்டைத் தரும் பென்ஷன் சேவைக்கும் கவுன்சிலுக்கும் அதிகாரம் உண்டு. கையில் இல்லாத பணம், கணக்கில் மட்டும் இருக்கும். இதற்கு ஆண்டுக் கெடு எதுவும் கிடையாது. "ஏழு வருடம் போனால் சரி" என்று சொல்வார்கள். அது வாரிசு வரிக்கான விதி, இதற்குப் பொருந்தாது. பத்து வருடத்துக்கு முன் கொடுத்ததையும் கேட்கலாம். நேற்றுக் கொடுத்ததையும் ஏற்றுக்கொள்ளலாம். எதற்காகக் கொடுத்தார் என்பதுதான் கேள்வி.

பெனிஃபிட் அந்தக் கொடுப்பின் ஒரே நோக்கமாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. முக்கியமான நோக்கங்களில் ஒன்றாக இருந்தாலே அவர்களுக்குப் போதும். ஆனால் அப்படி ஒரு நோக்கம் இருந்தது என்று முடிவெடுக்க அவர்களுக்கு ஆதாரம் வேண்டும். மகனுக்கு வீடு வாங்க உதவினார் என்பதாலேயே அந்த நோக்கம் வந்துவிடாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அம்மா மகனுடன் கடைசிவரை இருக்கலாம் என்று நம்பித்தான் கொடுத்திருக்கிறார். எட்டு மாதம் அங்கே இருந்தும் இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் வாடகைக்கு வீடு தேடவில்லை, பெனிஃபிட்டைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை, அப்படி ஒரு சேமிப்பு வரம்பு இருப்பதே தெரியாது. இவை எல்லாம் உண்மையென்றால் அம்மாவின் பக்கம் வலுவாக இருக்கிறது. இதை மறைக்காமல், நடந்தது நடந்தபடி எழுதிக் கொடுங்கள்.

கையில் என்ன தாள் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தம்பி வீடு வாங்கியபோது, அந்தப் பணம் அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் உரிமை கோர மாட்டேன் என்று மோர்ட்கேஜ் கம்பனி அம்மாவிடம் கடிதம் வாங்கியிருக்கும். லோயரின் கோப்பில் அதன் பிரதி இருக்கும். அதில் தேதி இருக்கும், எதற்குக் கொடுத்தார் என்பதும் இருக்கும். அம்மா தம்பி வீட்டு முகவரிக்கு டாக்டர் பதிவை மாற்றினாரா? அந்த முகவரிக்கு வங்கிக் கடிதம் வந்ததா? இந்த மாதிரிச் சில்லறை விஷயங்கள்தான் "மகனோடு இருக்கப் போகிறேன் என்றுதான் கொடுத்தேன்" என்ற ஒரு வாக்கியத்துக்கு முதுகெலும்பு. அங்கே ஏன் சரிவரவில்லை என்பதையும் இரண்டு வரியில் சொல்லத்தான் வேண்டும். மருமகளைப் பற்றி எழுத அம்மாவுக்கு மனம் வராது. யாரையும் குறை சொல்லத் தேவையில்லை. படியேற முடியவில்லை, பிள்ளைகள் வளர்ந்து அறை போதவில்லை, எது உண்மையோ அதை எழுதினால் போதும்.

அடுத்தது, அந்தக் கடிதத்தில் "உரிமை கோர மாட்டேன்" என்று இல்லாமல், அம்மாவின் பெயரும் தம்பியின் வீட்டு உறுதியில் (பத்திரத்தில்) இருந்தால் அது அன்பளிப்பு அல்ல, பங்கு. அந்தப் பங்கு அம்மாவின் சொத்தாகக் கணக்கில் வரும். விண்ணப்பிப்பதற்கு முன்னே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அவர்கள் 60,000ஐச் சேர்த்தே தீருவோம் என்றால் என்ன ஆகும்? 48,000உம் 60,000உம் சேர்ந்து 108,000. பத்தாயிரம் கழித்து 500ஆல் வகுத்தால் 196. பென்ஷனுடன் கூட்டினால் 334. அது 227.10க்கு மிகவும் மேலே. பென்ஷன் கிரெடிட் இல்லை, ஆகவே 16,000 வரம்பு திரும்பி வந்து நிற்கும், ஹவுசிங் பெனிஃபிட்டும் இல்லை. ஒரே ஒரு முடிவில் வாடகை முழுக்க மேலும் கீழும் போகிறது. அதனால்தான் இந்த இடத்தில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

அப்போதும் கதவு நிரந்தரமாக மூடிவிடாது. அந்தக் கணக்குப் பணம் அப்படியே என்றைக்கும் இருக்காது. அந்தப் பணத்தைச் சேர்த்ததால் எந்த உதவி கிடைக்காமல் போனதோ, அந்த அளவு வாரா வாரம் அதில் கழிய வேண்டும். கையில் உள்ள உண்மையான சேமிப்பும் வாடகையில் குறைந்துகொண்டு வரும். உங்கள் அம்மாவின் நிலைமையில் இரண்டும் சேர்ந்து தோராயமாக இரண்டு ஆண்டில் 54,000க்கு வந்துவிடும். அங்கே வந்ததும் பென்ஷன் கிரெடிட் தொடங்கும். ஆனால் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். மறுத்த கடிதத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். அதில் எந்தத் தொகையை எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்பது இருக்கும், கழிக்கும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

தம்பி பணத்தைத் திருப்பித் தந்தால் என்ன என்று கேட்பீர்கள். தந்தால் அது உண்மையான சேமிப்பாகிவிடும், கணக்குப் பணம் என்ற பேச்சு முடியும். அந்தப் பணத்தில் அம்மா வாடகை கட்டி வாழலாம். அதுவும் ஒரு வழிதான். ஆனால் பெனிஃபிட்டுக்காக மட்டும் ஒரு குடும்பத்தைப் பிய்க்க வேண்டுமா என்பதை நீங்கள் மூவரும் உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

மற்றச் செலவுகளுக்குப் பயப்பட வேண்டாம். கடன் அடைப்பது பணத்தைக் கைவிடுவது அல்ல என்று பென்ஷன் வயதினருக்கான விதியிலேயே எழுதியிருக்கிறது. அவரவர் நிலைமைக்கு நியாயமான பொருளோ சேவையோ வாங்கினாலும் அப்படித்தான். அந்தியேட்டியும் திவசமும் தளபாடமும் வாடகையும் அதற்குள் வரும். கிரெடிட் கார்ட் கடனுக்கு ஸ்டேட்மென்ட் இருக்கும். சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாற்றுக்குத்தான் தாள் இருக்காது. எப்போது வாங்கினார், எப்போது திருப்பினார் என்று அவரிடமே ஒரு கடிதம் வாங்கிவையுங்கள். காசாகக் கொடுத்திருந்தால் வங்கியில் இருந்து எடுத்த தேதியைக் காட்டுங்கள். சீட்டுக் காசும் அப்படித்தான். இன்னும் எடுக்காத சீட்டில் கட்டிய பணம் அம்மாவின் பணம், விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். நகைகளைப் பொதுவாகப் பார்ப்பதில்லை, அணியும் பொருள், சொந்தப் பாவனைப் பொருள். ஆனால் பணத்தைக் குறைத்துக் காட்ட இப்போது போய் நகை வாங்கினால் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஊர்க் காணியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் கேட்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ அம்மாவின் பெயரில் காணியோ வீடோ இருந்தால் அதுவும் சொத்து. விண்ணப்பப் படிவம் வெளிநாட்டுச் சொத்தையும் கேட்கிறது. அங்கே விற்றால் என்ன விலை போகுமோ அதில் விற்பனைச் செலவுக்குப் பத்துச் சதவீதத்தையும், மேலே உள்ள ஈட்டுக் கடனையும் கழித்துவிட்டு எடுப்பார்கள். அந்த நாட்டில் இருந்து பணத்தை இங்கே கொண்டுவரத் தடை இருந்தால், இங்கே உள்ள ஒருவர் அதற்கு என்ன விலை தருவார் என்று பார்ப்பார்கள். அது மிகக் குறைவாகவே இருக்கும். ஐந்து சகோதரருக்குப் பொதுவான பரம்பரைக் காணி என்றால் அம்மாவின் பங்கை மட்டுமே பார்க்க வேண்டும். பிரிக்காத, வழக்கில் கிடக்கும் பங்கை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள் என்பதையும் சொல்லலாம். ஊரில் ஒரு நொத்தாரிசிடமோ (பத்திரம் எழுதும் சட்டத்தரணி) மதிப்பீட்டாளரிடமோ எழுத்தில் வாங்குங்கள். "அது ஊர்க் காணிதானே" என்று விட்டுவிட்டுப் பிறகு தெரியவந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். சில சமயம் அதற்கு மேலேயும் போகும்.

இப்போது உங்கள் கையிலேயே இருக்கும், நீங்கள் கவனிக்காத ஒன்று. அம்மாவுக்குக் குளிக்கவும் உடுத்தவும் உதவி வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆறு மாதமாக இருந்தால், பராமரிப்புத் தேவைப்படும் பென்ஷன் வயதினருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்குச் சேமிப்பையோ வருமானத்தையோ பார்ப்பதில்லை. குறைந்த வீதம் வாரம் 73.90, கூடிய வீதம் 110.40. பகலிலோ இரவிலோ ஒன்றில் உதவி வேண்டுமென்றால் குறைந்தது, இரண்டிலும் என்றால் கூடியது. உதவ ஆள் இருக்கிறாரா என்பது கேள்வி அல்ல, உதவி தேவையா என்பதுதான் கேள்வி. நம் அம்மாமார் இந்தப் படிவத்தில்தான் தோற்றுப்போகிறார்கள். "சமாளிப்பேன் மகள்" என்பார்கள். பாத்ரூமில் எத்தனை தடவை வழுக்கியது, ப்ளவுஸ் கொக்கி மாட்ட எவ்வளவு நேரம், இரவில் எத்தனை தடவை எழும்புகிறார் என்று ஒரு வாரம் பக்கத்தில் இருந்து குறித்து, அதை எழுதுங்கள்.

அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கிடைத்தால் அது பென்ஷன் கிரெடிட்டில் வருமானமாகச் சேராது. அதற்கு மேல், அம்மா தனியாக வசிப்பவர், அவரைப் பார்ப்பதற்காக யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்குத் தரும் உதவித் தொகை) வாங்கவில்லை என்றால், கடும் இயலாமைக்கான கூடுதல் தொகையாக வாரம் 82.90 சேரும். 227.10 என்ற கோடு அப்போது 310 ஆக உயரும். 48,000 சேமிப்போடு 214 என்று கணக்கு வந்த அம்மாவுக்கு 13.10 இல்லை, வாரம் 96 பவுண்டு பென்ஷன் கிரெடிட். 60,000ஐச் சேர்த்து 334 என்று முரண்டு பிடித்தாலும் அதற்கும் 310க்கும் இடையில் 24 பவுண்டுதான். இரண்டு ஆண்டு என்று நான் சொன்ன காத்திருப்பு அரை ஆண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீங்கள் அம்மாவுக்காகக் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்குகிறீர்களா? அப்படியென்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். பல குடும்பங்களில் அதை வாங்காமல் விடுவது லாபம்.

உங்கள் ஃபிளாட்டுக்கு வருகிறேன். பிள்ளைக்கு வாடகை கட்டினால் ஹவுசிங் பெனிஃபிட் கிடையவே கிடையாது என்று சொல்வது தவறு. ஒரே வீட்டில் சேர்ந்து வசிக்கும் நெருங்கிய உறவுக்குத்தான் தடை. அதனால் அம்மா தம்பி வீட்டு மாடிக்குத் திரும்பிப் போய் "வாடகை" கட்டினால் ஒரு சதமும் கிடைக்காது. மகன், மகள், மருமக்கள், சகோதரர், அவர்களின் துணைவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். உங்கள் ஃபிளாட் தனி, நீங்கள் அங்கே வசிக்கவில்லை என்றால் தடை இல்லை. ஆனால் அது உண்மையான வாடகை ஏற்பாடாக இருக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம், மாதா மாதம் வங்கி வழியாக வாடகை, அந்த ஏரியாவுக்குப் பொருந்தும் தொகை. அதைவிட முக்கியம் ஒரு கேள்வி: அம்மா வாடகை கட்டாவிட்டால் என்ன செய்வீர்கள்? "சும்மா இருக்கட்டும், என் அம்மாதானே" என்று நீங்கள் சொன்னால், அது வியாபார முறையில் அமைந்த வாடகை இல்லை என்று கவுன்சில் முடிவெடுக்கும். அந்த ஃபிளாட்டுக்கு மோர்ட்கேஜ் இருக்கிறது, வாடகை வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்பது உண்மையானால் அதைச் சொல்லுங்கள். பெனிஃபிட் வாங்குவதற்காகவே செய்த ஏற்பாடு என்று தோன்றினால் அதற்கும் தடை இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், அம்மா இப்போது வேற்று ஆளிடம் வாடகைக்கு இருப்பதால் கேள்வி சுலபமாக இருக்கிறது. அதை இப்போது கலைக்காதீர்கள். முதலில் பென்ஷன் கிரெடிட் முடிவாகட்டும்.

வேறு யாருக்காவது உதவும் என்று இதையும் சொல்லிவைக்கிறேன். பெற்றோரின் வீட்டைப் பிள்ளையே வாங்கிக்கொண்டு, அதே வீட்டில் பெற்றோரை வாடகைக்கு வைப்பார்கள். தன் வீடாக இருந்ததை விற்று ஐந்து வருடத்துக்குள் அதே வீட்டுக்கு ஹவுசிங் பெனிஃபிட் கேட்டால் கிடைக்காது. விற்காவிட்டால் அங்கே இருந்திருக்கவே முடியாது, உதாரணமாக வங்கி பறிக்க இருந்தது, என்று காட்டினால் மட்டுமே விலக்கு. அப்புறம், வீட்டை விற்றது வேறு வீடு வாங்குவதற்காக என்றால் அந்தப் பணத்தைப் பென்ஷன் வயதினருக்கு ஒரு வருடம்வரை கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தாது.

வாடகை முழுவதும் கிடைக்குமா? தனியார் வாடகையில் ஒரு மேல் வரம்பு இருக்கிறது, ஏரியாவுக்கு ஏரியா மாறும். போஸ்ட்கோட் போட்டு அரசாங்க இணையதளத்தில் பார்க்கலாம். தனி ஆளுக்கு ஒற்றை அறை வீட்டுக்கான வீதம். அந்த வீதங்களை 2024 ஏப்ரலுக்குப் பிறகு உயர்த்தவில்லை; லண்டன் வாடகையோ நிற்கவில்லை. ஆகவே 1,200இல் கொஞ்சம் அம்மாவின் கையில் இருந்து போகலாம். அந்த இடைவெளிக்கு உதவக் கவுன்சிலிடம் தனியாக ஒரு நிதி உண்டு, கேட்டால்தான் தருவார்கள். கவுன்சில் வரிக் குறைப்பையும் அதே விண்ணப்பத்தோடு கேளுங்கள். கேரன்டி கிரெடிட் இருந்தால் அங்கேயும் 16,000 வரம்பு வராது.

கிடைத்த பிறகு ஒரு எச்சரிக்கை. நாலு வாரத்துக்கு மேல் வெளிநாடு போனால் ஹவுசிங் பெனிஃபிட் நின்றுவிடும். நாலு வாரத்துக்கு மேல் இருக்கப் போகிறேன் என்று தெரிந்தே போனால் கிளம்பும் நாளில் இருந்தே நிற்கும். நல்லூர்த் திருவிழா மட்டும் 25 நாள். முன்னும் பின்னும் சொந்தக்காரர் வீட்டில் நாலு நாள் தங்கினாலே கோடு தாண்டிவிடும். டிக்கெட் போடும்போதே நாட்களை எண்ணுங்கள். அதேபோலச் சேமிப்பு கூடினாலும், யாராவது பணம் தந்தாலும், வீடு மாறினாலும் இரண்டு இடத்துக்கும் தெரிவிக்க வேண்டும், பென்ஷன் சேவைக்கும் கவுன்சிலுக்கும்.

அம்மா தயங்குவார் என்று எனக்குத் தெரியும். "அரசாங்கத்திடம் கையேந்தவா?" என்பார். நான் பார்த்த எத்தனையோ அம்மாமார் அதைத்தான் முதலில் சொன்னார்கள். முப்பது வருடம் இந்த நாட்டில் பிள்ளை வளர்த்து, பேக்கரியிலும் சலவைக் கடையிலும் நின்று வேலை செய்து, வரி கட்டிய ஒருவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பங்கு இது. அதைச் சொல்லிக் கொடுங்கள்.

செய்ய வேண்டியது இது. பென்ஷன் கிரெடிட்டுக்கு 0800 99 1234 என்ற எண்ணில் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள், அதற்கும் காசு இல்லை. தம்பிக்குக் கொடுத்த 60,000ஐ அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். வீடு விற்ற பணம் வந்ததும் போனதும் வங்கி ஸ்டேட்மென்டில் இருக்கும். முந்திச் சொன்னவரின் விளக்கத்துக்கு இருக்கும் மதிப்பு, பிடிபட்ட பிறகு சொல்பவருக்கு இருக்காது. அதே வாரத்தில் கவுன்சிலில் ஹவுசிங் பெனிஃபிட்டுக்கும் போடுங்கள். பென்ஷன் கிரெடிட் முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கவுன்சில் கவுன்டரில் "சேமிப்பு அதிகம், போட்டுப் பயனில்லை" என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். எழுத்தில் வந்த முடிவைத்தான் எதிர்க்க முடியும். எதிர்க்க ஒரு மாதம் அவகாசம். ஹவுசிங் பெனிஃபிட் முடிவை நேரே தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். பென்ஷன் கிரெடிட்டில் முதலில் மறுபரிசீலனை கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பாயம். இரண்டும் இலவசம். 60,000ஐச் சேர்த்து மறுத்தால் கட்டாயம் போங்கள். இப்படிப்பட்ட நோக்கம் பற்றிய கேள்வியில் அம்மாவை நேரில் பார்த்து, அவர் வாயால் கேட்டு முடிவெடுக்கும் இடம் அதுதான்.

இன்னொன்று. பென்ஷன் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட் இரண்டையும் பென்ஷன் வயதினருக்குப் பின்னோக்கி மூன்று மாதம்வரைதான் தருவார்கள். அம்மா அந்த ஃபிளாட்டுக்கு வந்து ஆறு மாதம். முதல் மூன்று மாத வாடகை ஏற்கெனவே கையை விட்டுப் போய்விட்டது. இன்றைக்குக் கூப்பிட்டால் மற்ற மூன்று மாதத்தையும் கேட்கலாம். அடுத்த வாரம் கூப்பிட்டால் அதில் ஒரு வாரம் குறைந்திருக்கும்.